பள்ளியின் இடமும் பிள்ளையின் படிப்பும்

டோம்பிவிலியில் நண்பகல் வேளையில் பள்ளிக்கூடம் ஒன்றின் வாயிலருகே நின்று பார்ப்பவர், ஒரே வாயிலில் இரண்டு வெள்ளங்கள் எதிரெதிராகப் பாய்வதைக் காண்பார். காலை முறைப் பிள்ளைகள் வெளியேறுகின்றனர். பிற்பகல் முறைப் பிள்ளைகள் உள்ளே நுழைகின்றனர். ஒருவன் எழுந்துபோன பெஞ்சியின் சூடு ஆறுமுன் மற்றொருவன் அதில் அமர்ந்துவிடுகிறான். மும்பையிலும் அதன் புறநகர்களிலும் பல பள்ளிகளுக்கு இதுவே நெடுநாள் வழக்கம். தமிழ்நாட்டிலிருந்து புதிதாகக் குடிபெயர்ந்து வரும் பெற்றோர் இதைக் கண்டு, "இங்கே அரைநாள்தானா பள்ளிக்கூடம்?" என்று திகைப்பதுண்டு. ஓராண்டு கழிந்தால் திகைப்பு மறைந்துவிடும். ஆயினும் அவர்கள் கேட்ட கேள்வி மறையத்தக்கதன்று. பள்ளியில் இடமும் பொருளும் குறைந்தால் பிள்ளையின் படிப்பும் குறையுமா என்பதே அக்கேள்வியின் உட்பொருள்.

குறையாது என்று வாதிடுவோர் நம்மிடையே பலர் உள்ளனர். தெருவிளக்கின் அடியில் அமர்ந்து படித்துப் பின்னாளில் சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாக உயர்ந்த முத்துசாமி ஐயரின் கதையை அவர்கள் தவறாமல் எடுத்துரைப்பர். கேட்பதற்கு இனிய கதைதான். ஆனால் அதே விளக்கடியில் புத்தகத்தை விரித்துக் கண் சொருகி உறங்கிப்போன பிள்ளைகளைப் பற்றி எவரும் கதை சொல்லவில்லை. ஒரு முத்துசாமி ஐயரை வைத்துத் தெருவிளக்கின் பெருமையைக் கணக்கிடுதல் ஆகாது.

'வசதி' என்று நாம் இன்று சாதாரணமாக வழங்கும் சொல்லைப் பற்றி இங்கு ஒரு வார்த்தை. அரசாங்கக் கோப்புகளை நாள்தோறும் ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்கு மாற்றுகின்ற தொழிலில் இருப்பவனுக்குச் சொற்களைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் விடாது. வடமொழியில் 'வசதி' என்றால் உறைவிடம், தங்குமிடம் என்று பொருள். தமிழிலும் அப்பொருள் உண்டு; சௌகரியம் என்ற பொருள் பின்னர் வந்து சேர்ந்தது. பள்ளி வசதியின் வரலாற்றைப் பார்க்குங்கால், பழைய பொருளே பொருத்தமாகத் தோன்றுகிறது. பிள்ளை பள்ளியில் தங்குமா, தங்காதா என்பதைத்தான் கட்டடமும் சோறும் விளக்கும் முதலில் தீர்மானித்திருக்கின்றன.

திண்ணைப் பள்ளிக்கூடங்களிலிருந்து தொடங்குவோம். சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் தாமஸ் மன்றோ 1822-ல் மாகாணம் முழுவதும் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826-ல் தொகுக்கப்பட்ட விவரங்களின்படி, ஏறத்தாழ 1 கோடியே 28 இலட்சம் மக்களுக்கு 12,498 பள்ளிகள் இருந்தன. அதாவது ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. அப்பள்ளிகளின் தளவாடம் யாது? ஒரு திண்ணை, கொஞ்சம் மணல், பனையோலை, எழுத்தாணி. பெரிய பிள்ளை சிறிய பிள்ளைக்குப் பாடம் சொல்வான். அவனைச் சட்டாம்பிள்ளை என்பர். எழும்பூரில் இராணுவத்தாரின் அனாதைச் சிறுவர் இல்லத்தை நடத்திவந்த பாதிரியார் ஆண்ட்ரூ பெல் இம்முறையைக் கண்டு வியந்து, தம் இல்லத்தில் கையாண்டு, 1797-ல் அதைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். அது 'சென்னை முறை' என்ற பெயரோடு இங்கிலாந்தில் பரவிற்று. நம் ஊர் மணல் இலண்டன் ஏழைப் பிள்ளைகளின் விரலுக்கும் எட்டியது.

ஆகவே செலவில்லாத பள்ளி தாழ்ந்த பள்ளி என்று சொல்ல இயலாது. எண்ணும் எழுத்தும் கற்பிக்கத் திண்ணை போதுமானதாக இருந்தது. அங்கே அமரத் தகுதியுடையவர் யார் என்பதில் சாதி குறுக்கிட்டது. பெண் பிள்ளைகள் மிகச் சிலரே வந்தனர். அது வேறொரு குறை, மணலின் குறையன்று. ஆனால் பூகோளமும் இரசாயனமும் பௌதிகமும் பாடங்களாக வந்த பின்னர், அதாவது உயர்நிலைப் பள்ளி என்ற ஒன்று தோன்றிய பின்னர், திண்ணை போதவில்லை. தேசப்படம் வேண்டும்; ஆய்வுக்கூடம் வேண்டும்; பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் இடையே ஒரு சுவராவது வேண்டும். இவையெல்லாம் பணம் கேட்பவை. எனவே உயர்நிலைப் பள்ளி நெடுங்காலம் நகரத்துக்கு உரிய பொருளாகவே இருந்தது.

கிராமத்துப் பையன் அதை நாடிச் செல்ல வேண்டியிருந்தது. சென்ற இடத்தில் அவன் எங்கே உண்பான்? திங்கட்கிழமை ஒரு வீடு, செவ்வாய்க்கிழமை ஒரு வீடு என்று முறைவைத்து உண்ணும் 'வாரச் சாப்பாடு' பல ஏழைப் பிராமணப் பிள்ளைகளைப் படிக்க வைத்தது. நம் பாட்டனார் தலைமுறையில் அதை நன்றியோடு நினைவுகூர்ந்தவர்கள் பலர். சாதியால் அந்த வாயில் அடைக்கப்பட்டிருந்தவர்களுக்கு அத்தகைய உதவி ஏது? சுவாமி சகஜானந்தர் 1916-ல் சிதம்பரத்தில் ஆதிதிராவிடப் பிள்ளைகளுக்காக நந்தனார் பள்ளியை நிறுவி, உண்டி உறையுளுக்கும் வழி செய்ததன் அருமை இதை எண்ணிப் பார்த்தால்தான் விளங்கும். பாடப்புத்தகத்துக்கு முன்னே சோறும் பாயும் வந்தாக வேண்டியிருந்தது.

சோற்றைப் பள்ளியின் தளவாடங்களுள் ஒன்றாகவே கருதிய முதல் பொது நிறுவனங்களுள் சென்னை மாநகராட்சியும் ஒன்று. சர் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, 1920-ல், ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானம் நிறைவேறிற்று. தலைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேற்படலாகாது என்பது நிபந்தனை. கல்வி நிதியிலிருந்து இச்செலவைச் செய்யக் கூடாதென்ற தடையால் 1925-ல் அது நின்றுபோயிற்று. பின்னர் மீண்டும் தொடங்கிற்று. கணக்குப்புத்தகம் ஒன்றில் சோற்றுக்குரிய தலைப்பு இல்லாமையால் பிள்ளைகள் பசித்திருந்தனர் என்பதை அரசாங்க ஊழியர் எவரும் வியப்போடு படிக்க மாட்டார்.

இனி, நம்மில் பலருடைய பெற்றோர் தம் கண்ணால் கண்ட காலத்துக்கு வருவோம். 1953-ல் சென்னை மாநில முதலமைச்சர் இராஜாஜி, கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு புதுத் திட்டத்தைப் புகுத்தினார். பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பள்ளியில் பயில்வர். எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கண்டும் செய்தும் கற்பர். எதிர்ப்பாளர் இதற்குக் 'குலக்கல்வித் திட்டம்' என்று பெயரிட்டனர், அப்பெயரே நிலைத்தது. தோட்டியின் மகன் எதைக் கற்பான் என்ற கேள்விக்குத் திட்டத்தில் மறுமொழி இல்லை. அந்த அரசியல் போராட்டத்தின் ஒலியில் அமிழ்ந்துபோன மற்றொரு செய்தியும் உண்டு. அதே கட்டடத்தில், அதே ஆசிரியரைக் கொண்டு, காலையில் ஒரு கூட்டமும் பிற்பகலில் ஒரு கூட்டமுமாக இரு மடங்கு பிள்ளைகளுக்கு இடம் காண்பதும் அத்திட்டத்தின் நோக்கமாக இருந்தது. இடப்பஞ்சமே அதன் வித்து. டோம்பிவிலியின் பள்ளி வாயிலில் நாம் கண்ட காட்சிக்கு அது ஒரு வகையில் உறவு.

1954-ல் காமராசர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் இடப்பஞ்சம் ஆணையால் நீங்குவதன்று. அப்போது பொதுக்கல்வி இயக்குநராகப் பொறுப்பேற்றவர் நெ. து. சுந்தரவடிவேலு. 1956-ல் தொடங்கிய மதிய உணவுத் திட்டம், முதலில் ஊர்மக்களின் நன்கொடையையே பெரிதும் நம்பி, பின்னர் அரசு மானியமும் சேர்ந்து நடைபெற்றது. அதில் கண்ட அனுபவம் இயக்குநருக்கு மற்றொரு வழியைக் காட்டிற்று. சோறு கொடுத்த ஊர் சுவரும் கொடுக்காதா?

1958-ல் செங்கற்பட்டு மாவட்டக் கடம்பத்தூர் வட்டாரத்தில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் இவ்வாறு பிறந்தவை. முறை எளியது. வட்டாரத்திலுள்ள ஒவ்வொரு பள்ளிக்கும் என்னென்ன தேவை என்று ஆசிரியரும் ஊராரும் கூடிப் பட்டியல் எழுதுவர். கரும்பலகை, கடிகாரம், மணி, நாற்காலி, தேசப்படம், குடிநீர்ப் பானை, சுற்றுச்சுவர், ஓடு, வெள்ளையடிப்பு, விளையாடுமிடத்துக்கு அரை ஏக்கர் நிலம் என்று அது நீளும். இன்னார் இன்னதைத் தருவது என்று ஊரிலேயே பேசி முடிப்பர். பிறகு மாநாடு கூடும். அமைச்சரும் அதிகாரியும் வருவர். கொடுத்தவர்களின் பெயர் மேடையில் படிக்கப்படும். நூறு ரூபாய் பெறாத ஒரு கடிகாரத்துக்காக ஒரு விவசாயி மேடையேறி மாலை பெறுவான். இதில் ஆடம்பரம் இருந்தது என்று குறை கூறியவர்கள் உண்டு; இருந்திருக்கலாம். அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறார்களா என்று மறுவாரம் பள்ளிக்கு வந்து எட்டிப் பார்த்தவனும் அதே விவசாயிதான் என்பதை நான் நம்புகிறேன். பள்ளிக்கூடம் அரசாங்கத்தின் சொத்து என்ற எண்ணம் மாறி ஊர்ச்சொத்து என்ற எண்ணம் வேரூன்றியது அந்த ஆண்டுகளில்தான். பள்ளிகள் பெருகின, தொடக்கப் பள்ளியில் தங்கிய பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியின் கதவைத் தட்டினர். 1982-ல் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை விரிவாகத் தொடங்கியபோது அடித்தளம் முன்னரே போடப்பட்டிருந்தது. 1984-ல் அது பத்தாம் வகுப்பு வரை எட்டிற்று.

எல்லாப் பள்ளிகளுக்கும் ஓடு கிடைத்துவிடவில்லை. 2004-ஆம் ஆண்டு சூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளியில் சமையலறையில் எழுந்த தீ கூரைக்குத் தாவி, மேல்மாடியில் கீற்று வேய்ந்த வகுப்பறைகளில் இருந்த குழந்தைகளைச் சூழ்ந்தது. 94 குழந்தைகள் மாண்டனர். இறங்கி ஓடப் போதிய வழியில்லை. அதன் பின்னரே கீற்றுக் கூரைகள் தமிழ்நாட்டுப் பள்ளிகளிலிருந்து விரைந்து அகற்றப்பட்டன. 2009-ல் உச்சநீதிமன்றம் நாடெங்குமுள்ள பள்ளிகளின் பாதுகாப்புக்கு நெறிகள் வகுத்தது. வசதி என்ற சொல்லைத் தேர்ச்சி விழுக்காட்டோடு மட்டும் சேர்த்துப் பேசுகிறவர்கள் அந்தப் படிக்கட்டையும் நினைவில் கொள்ள வேண்டும்.

உயர்நிலைக் கல்விக்கென்று தனியே அளவுகோல் வகுத்த முயற்சியும் ஒரு தமிழரோடு தொடர்புடையது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் மத்திய அரசு அமைத்த இடைநிலைக் கல்விக் குழு 1953-ல் தன் அறிக்கையை அளித்தது. ஒரு வகுப்பில் 30 பிள்ளைகள் இருப்பது நன்று. எக்காரணம் கொண்டும் 40-ஐத் தாண்டலாகாது. ஒரு பள்ளியில் 500 பேர் போதும், 750 பேர் உச்ச வரம்பு என்று அது சொல்லிற்று. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் மும்பைப் பெருநகர்ப் பகுதியில் பிள்ளையைச் சேர்க்க வரிசையில் நிற்கும் தகப்பனார் இவ்வெண்களைப் படித்தால் புன்னகை பூப்பார்.

மும்பைத் தமிழரின் பள்ளி வரலாறு இரு வேறு மண்ணில் வளர்ந்தது. 1896-ன் பிளேக் நோய்க்குப் பின் 1898-ல் அமைந்த பம்பாய் நகர மேம்பாட்டு வாரியம் தாதர், மாதுங்காப் பகுதிகளில் அகன்ற தெருக்களை வகுத்து மனைகளைப் பிரித்தது. இரயில்வேயிலும் அலுவலகங்களிலும் எழுத்தராக வந்த தென்னிந்தியர் அங்கே குடியேறினர். 1932-ல் அவர்கள் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை நிறுவினர். மாதுங்காவில் தொடங்கிய அச்சங்கத்தின் பணி உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து, 1960-ல் சயானில் கல்லூரியாகவும் மலர்ந்தது. ஒரு வகுப்பை முடித்த பிள்ளைக்கு அடுத்த வகுப்பின் அறை அதே வீதியில் காத்திருந்தது.

மாதுங்காவிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ளது தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்கள் சதுப்பு நிலத்தைத் தூர்த்து அமைத்த குடியிருப்பு அது. அங்கும் 1924-லேயே ஒரு தமிழ்ப் பள்ளி எழுந்தது. மும்பையின் முதல் தமிழ்ப் பள்ளியும் தாராவியின் முதல் பள்ளியும் அதுவே. ஆர்வத்தில் தாராவி மாதுங்காவுக்கு எட்டு ஆண்டுகள் மூத்தது என்று சொல்லலாம். அப்படியிருந்தும் படிப்பில் அது பின்தங்கியது ஏன்? மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளிகள் நெடுங்காலம் பெரும்பாலும் ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டன. எட்டாம் வகுப்புக்குப் போகிற பிள்ளை ஊரும் மாற்ற வேண்டும், மொழியும் மாற்ற வேண்டும். அதுவரை தமிழில் கணக்குப் போட்டவன் இந்தியிலோ மராத்தியிலோ ஆங்கிலத்திலோ இயற்கணிதம் கற்க வேண்டும். அந்த வாய்க்காலைத் தாண்டாமல் தொழிற்கூடத்துக்குத் திரும்பியவர் எத்தனையோ பேர். 'பையனுக்குப் படிப்பு ஏறவில்லை' என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். ஏறுவதற்குரிய படியை யாரும் கட்டவில்லை என்பதே உண்மை. பிற மாநிலங்களில் வாழும் தமிழர் அனைவரும் கருதிப் பார்க்கத்தக்க குறை இது. ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளியில் பிள்ளை மதிப்பெண் இழக்கலாம். அடுத்த வகுப்பே இல்லாத பள்ளியில் பிள்ளையையே இழந்துவிடுகிறோம்.

அறிஞர் உலகில் இவ்விஷயம் பற்றிப் பெரிய வாதம் ஒன்று நடந்திருக்கிறது. 1966-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் என்பார் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை ஆராய்ந்து, பள்ளியின் கட்டடமும் கருவிகளும் தேர்ச்சியில் சிறு பங்கே வகிக்கின்றன, குடும்பப் பின்னணியே பெரும்பங்கு வகிக்கிறது என்ற முடிவை வெளியிட்டார். செலவைக் குறைக்க விரும்பும் அரசாங்கங்களுக்கு அது இனிய செய்தி. 1983-ல் ஹேன்மன், லாக்ஸ்லி என்ற இருவர் 29 நாடுகளின் விவரங்களை ஒப்பிட்டு, நாடு எவ்வளவு ஏழையோ அவ்வளவுக்குப் பள்ளியின் தரம் பிள்ளையின் கல்வியில் முன்னிற்கிறது என்று காட்டினர். பின்னர் வளரும் நாடுகளைப் பற்றிய 79 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அறிஞர் குழு ஒன்று, நல்ல கூரை, சுவர், தரை, மேசை நாற்காலி, நூலகம் ஆகியவை உள்ள பள்ளி கற்றலுக்குத் துணைபுரிகிறது என்று 2013-ல் எழுதிற்று. கடம்பத்தூர் விவசாயி எழுதிய பட்டியலே ஏறக்குறைய மீண்டும் வந்திருக்கிறது.

எல்லா வசதியும் ஒரே வகையில் பயன் தருவதில்லை என்பதையும் மறைத்தல் தகாது. இந்தியப் பள்ளிகளில் கழிப்பறை கட்டியதன் விளைவை ஆராய்ந்து அஞ்சலி அதுகியா 2017-ல் வெளியிட்ட கட்டுரை, பிள்ளைகளின் சேர்க்கை உயர்ந்தது என்றும், பருவமெய்திய பெண்களுக்குத் தனிக் கழிப்பறையே அதற்கு இன்றியமையாததாயிற்று என்றும் கூறுகிறது. ஆனால் தேர்வு மதிப்பெண் அதனால் உயரவில்லை. அதை வீண்செலவு என்று எவர் சொல்வார்? எட்டாம் வகுப்பில் நின்றுவிடவிருந்த பெண் பத்தாம் வகுப்பு வரை வந்திருக்கிறாள். வெப்பமோ நேரே மதிப்பெண்ணைத் தாக்குகிறது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவரைப் பற்றி 2020-ல் வெளியான ஓர் ஆய்வு, குளிர்சாதனமற்ற பள்ளிகளில் பள்ளியாண்டின் வெப்பம் ஒரு பாரன்ஹீட் பாகை கூடினால் அவ்வாண்டுக் கல்வியில் நூற்றில் ஒரு பங்கு குறைகிறது என்று கணித்தது. தகரக் கூரையின் கீழ் அக்டோபர் மாதத்துப் பிற்பகல் முறையில் அமர்ந்திருக்கும் பிள்ளையை எண்ணிப் பாருங்கள்.

கோல்மன் 'குடும்பம்' என்றும் 'பள்ளி' என்றும் இரண்டாகப் பிரித்தார். பத்தடிக்குப் பத்தடி அறையில் ஆறு பேர் வாழும் இடத்தில் அப்பிரிவு பொருந்துமா என்பது எனக்கு ஐயமே. அரைநாள் பள்ளி முடிந்து வீடு திரும்பும் பிள்ளைக்கு எஞ்சிய அரைநாள் எதனால் நிரம்புகிறது? டோம்பிவிலியில் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையானால் தனிப்பயிற்சி வகுப்பினால். தாராவியின் பிள்ளையானால் தம்பியைப் பார்த்துக்கொள்வதனாலோ கைத்தொழிலுக்கு உதவுவதனாலோ. பள்ளி கொடுக்காத அரைநாளை வீட்டின் கையிருப்பே ஈடுசெய்கிறது. கையிருப்பு இல்லாத வீட்டில் அது ஈடு செய்யப்படாமலே போகிறது. 1953-ன் திட்டத்துக்கு எதிராக எழுந்த குரலின் நியாயம் இங்கும் பொருந்தும், எதிர்ப்பதற்குத்தான் ஆளில்லை.

இக்குறையை உணர்ந்த மும்பை நகரம் தனக்கே உரிய ஒரு வசதியைக் கண்டுபிடித்திருக்கிறது. மராத்தியில் அதை 'அப்யாசிகா' என்பர். படிப்பகம் என்று நாம் சொல்லலாம். கோயில் மண்டபத்தின் ஓரத்திலோ, மாநகராட்சிக் கட்டடத்தின் மாடியிலோ, நூலகத்தின் பக்கத்து அறையிலோ வரிசையாக மேசை, நாற்காலி, விளக்கு, மின்விசிறி, வேறொன்றும் இல்லை. ஆசிரியரும் இல்லை. டோம்பிவிலியிலும் சில உண்டு. மார்ச்சு மாதத்துப் பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்குகையில் அங்கே இடம் கிடைப்பது அரிது. சென்ற பிப்ரவரியில் ஓர் இரவு பத்து மணிக்கு மேல் இரயிலிலிருந்து இறங்கி வருகையில் அப்படியொரு படிப்பகத்தின் சன்னல் வழியே பார்த்தேன். எல்லா நாற்காலிகளும் நிரம்பியிருந்தன. வாயிற்படியில் செருப்புகளுக்கு நடுவே இரண்டு பையன்கள் புத்தகத்தோடு அமர்ந்து, உள்ளே எவரேனும் எழுகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தனர்.